தீர்மானமும் பொறுப்பும்

மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்னும் கொள்கையின் மீதே ஒழுக்கவியலும் சட்டமும் எழுப்பப்பட்டுள்ளன. புகழ்ச்சி, இகழ்ச்சி, தண்டனை, மன்னிப்பு ஆகிய யாவும், செய்தவன் வேறுவிதமாகவும் செய்திருக்கலாம் என்பதை உட்கிடையாகக் கொண்டவை. இந்நம்பிக்கைக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்பியல் ஆய்வுகூடத்திலிருந்து ஓர் அறைகூவல் எழுந்தது.

மனிதன் தானாக விரும்பிக் கையை அசைப்பதற்கு முன்னரே மூளையில் மெதுவானதொரு மின்மாற்றம் தோன்றுகின்றது என்பதை ஜேர்மானிய ஆய்வாளரான கோர்ண்ஹூபரும் டீக்கேயும் 1965இல் எடுத்துக்காட்டினர். இது ஆயத்த மின்னழுத்தம் எனப்படும். அமெரிக்க உடற்றொழிலியலாளரான பெஞ்சமின் லிபெற் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் முன்னெடுத்துச் சென்றது. பரிசோதனைக்குட்பட்டோர் விரும்பிய வேளையில் மணிக்கட்டை அசைத்தனர். அவ்வுந்துதலை உணர்ந்த கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியொன்றின் நிலையைக் கொண்டு கூறினர். அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிசெக்கன் முன்னர் மூளையில் மாற்றம் தொடங்கிற்று. உந்துதலை அவர்கள் உணர்ந்ததோ ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் முன்னரேயாம்.

மூளை முன்னரே தொடங்கிவிடுகின்றதெனின், பொறுப்பு யாருடையது? மனவிருப்பின் சுதந்திரம் வெறும் மயக்கமே எனச் சிலர் முடிவுகட்டினர். லிபெற் இதனை ஏற்கவில்லை. எஞ்சிய சொற்பவேளையில் செயலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் நனவுக்கு உண்டு என்பது அவர் கருத்து. ஆயினும் அத்தடையும் மூளையின் நிகழ்வன்றோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

உண்மையில், ஆராயப்பட்ட தெரிவின் தன்மையே முதலில் நோக்கற்பாலது. மணிக்கட்டை இக்கணத்தில் அசைப்பதற்கோ அடுத்த கணத்தில் அசைப்பதற்கோ காரணமேதும் இல்லை. காரணமற்ற இத்தகைய நிலையில், மூளையின் தற்செயலான ஏற்றத்தாழ்வுகளே செயலைத் தொடக்கிவைக்கக்கூடும் என ஷேர்கர் முதலானோர் 2012இல் விளக்கினர். மாவோஸ் முதலானோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இரு அறநிறுவனங்களுள் ஒன்றைத் தெரியும்படி கேட்டது. எதனைத் தெரிந்தாலும் இரண்டும் சமமாகவே பணம் பெறும் என்றபோது ஆயத்த மின்னழுத்தம் தெளிவாகத் தென்பட்டது. தெரியப்பட்டது மட்டுமே 1000 டொலர் பெறக்கூடும் என்றபோது அது பெரும்பாலும் காணப்படவில்லை. எனவே, மணிக்கட்டின் அசைவைக் கொண்டு மனச்சாட்சியை அளத்தல் பொருந்தாது.

எனினும் நாளாந்த வாழ்வின் செயல்கள் யாவும் ஆய்ந்து செய்யப்படுவனவல்ல. கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகத் தந்த மிகுதிக் காசை ஒருவன் சற்றும் சிந்தியாது திருப்பிக் கொடுக்கின்றான். மற்றொருவன் அவ்வாறே சிந்தியாது சட்டைப்பையில் இடுகின்றான். பலகாலும் செய்யப்படும் செயல் மூளையில் பழக்கமாகப் படிகின்றது. பின்னர் அதற்கு ஆலோசனை வேண்டியதில்லை. நீதியான செயல்களைச் செய்தே மனிதன் நீதிமான் ஆகின்றான் என அரிஸ்டோட்டில் கொண்டதும் இதனோடு முரண்படவில்லை. ஆகவே பொறுப்பை அந்த அரைச்செக்கனுள் தேடுதல் வீண். அது அதற்கு முந்திய ஆண்டுகளில் பரந்து கிடக்கின்றது.

இங்குத்தான் வினா கடினமாகின்றது. அவ்வாண்டுகளைத் தனிமனிதன் தனித்து ஆக்கவில்லை. வீடும் பாடசாலையும் வறுமையும் அவற்றில் பங்குகொண்டுள்ளன. பசியிடையே வளர்ந்தவனின் பழக்கத்தையும் வளத்திடையே வளர்ந்தவனின் பழக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. அதனால் தனிமனிதனின் பொறுப்பு அற்றுப்போவதில்லை. பழக்கத்தை உணர்ந்தவன் அதனை மாற்ற முயலலாம். ஆனால் அவனைத் தீர்ப்பிடும் சமுதாயம், அவனது பழக்கத்தை ஆக்கியதில் தனக்குள்ள பங்கையும் அதே தீர்ப்பில் எழுதக் கடமைப்பட்டுள்ளது.