பொருளில் குறை இருந்தால்: விற்றவரின் கடமை, வாங்கியவரின் அமானிதம்

 



ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். சீட்டுப் பணம் எடுத்து, மகளுக்கு ஒரு புதிய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். வாங்கிய அன்று இரவே திரையில் கோடு கோடாக வர ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் கடைக்கு போன் செய்தார். "புது செட்டுதானே பாய், அப்டேட் போட்டா சரியாகிடும், யூஸ் பண்ணிப் பாருங்க" என்றார்கள். சரியாகவில்லை. நேரில் போனார். "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க. ஏழு நாளைக்குள்ள வந்தா வேற செட் மாத்தித் தர்றோம்" என்றார்கள்.

இதற்கிடையில் நான்காவது நாள் வீட்டில் சின்னப் பையன் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டான். துடைத்துக் காய வைத்தார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நான்கைந்து பட்டன்கள் வேலை செய்யவில்லை.

அவர் கேட்டார்: "ஹஜ்ரத், திரையில கோடு வந்தது டீ கொட்டுறதுக்கு முன்னாடியே. அது அல்லாஹ்வுக்குத் தெரியும். டீ விஷயத்தைச் சொன்னா, அதையே சாக்கா வச்சு எல்லாத்தையும் மறுத்துடுவாங்க. என் உரிமையைத்தானே கேட்கிறேன்? டீயைப் பத்திப் பேசாம இருந்தா தப்பா?"

அன்பானவர்களே! லேப்டாப் என்பதை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் என்று வையுங்கள், பைக் என்று வையுங்கள். இது நம் எல்லோருடைய கேள்விதான். நமக்கு உரிமை இருக்கும் இடத்தில், அந்த உரிமையைப் பெறுவதற்காக ஓர் உண்மையை மறைக்கலாமா?

முதலில் விற்பவரின் கடமையைப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி.

கவனியுங்கள்! மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமா? இல்லை. ஈரம் வந்தது குற்றமல்ல, அதை அடியில் வைத்ததுதான் குற்றம். அதுபோலத்தான் கம்பெனியிலிருந்து குறையோடு ஒரு செட் வந்துவிட்டால் அது கடைக்காரரின் பாவம் அல்ல. ஆனால் தெரிந்த பிறகு, "அப்டேட் போடுங்க", "நாளைக்கு வாங்க", "மேனேஜர் இல்லை" என்று ஏழு நாளைக் கடத்தி, எட்டாம் நாள் "டைம் முடிஞ்சு போச்சு" என்று சொன்னால், அது ஈரத்தை அடியில் வைப்பதுதான்.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். பொருளில் விற்பவரிடமிருந்தே வந்த குறை இருந்து, வாங்கும்போது அது தெரியாமல் இருந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இந்த உரிமையை ஷரீஅத் கொடுத்திருக்கிறது. பில்லில் எழுதியிருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கிடைக்கும் சலுகை அல்ல அது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் காட்டிக் குறையுள்ள பொருளை வாங்க மறுக்க முடியாது. தெரிந்தே மறைத்த குறையின் பாவத்தையும் அந்தப் பலகை கழுவிவிடாது.

வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறை என்று திரும்பி வந்த செட்டை மறுபடி பெட்டியில் போட்டு, புதியது என்று இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. ஒரு துணியில் குறை இருக்கிறது, சொல்லித்தான் விற்க வேண்டும் என்று தம் கூட்டாளியிடம் சொல்லி அனுப்பினார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்த விற்பனைப் பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. மறதியால் நடந்ததற்கே அப்படியென்றால், தெரிந்தே செய்வதற்கு என்ன சொல்வது?

சரி, இப்போது வாங்கியவரிடம் வருவோம். அந்தச் சகோதரருக்கு நான் என்ன சொல்வது?

அல்லாஹ் ஸூரத்துந் நிஸாவின் 135வது வசனத்தில், ஈமான் கொண்டவர்கள் நீதியில் உறுதியாக நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று கட்டளையிடுகிறான். அது தமக்கே எதிராகவோ, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவோ இருந்தாலும் சரியே. அடுத்தவருக்கு எதிராக உண்மை பேசுவது நமக்கு எளிது. கடைக்காரரின் ஏமாற்று வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். நம் வீட்டு டீயைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இன்னொரு ஹதீஸைப் பாருங்கள். கறவைப் பிராணியை விற்கும் முன் அதன் மடியைக் கட்டி, பாலைத் தேக்கி, அதிகம் கறப்பது போலக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால் கூடவே ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும் என்றார்கள். இதன் சட்ட விவரங்களில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இதில் உள்ள பாடத்தைப் பாருங்கள். ஏமாந்தவர் இவர், ஏமாற்றியவர் விற்றவர். அப்படியிருந்தும், ஏமாந்தவர் கறந்து குடித்த பாலுக்கு ஈடு கொடுக்கச் சொல்கிறார்கள்! நீ ஏமாற்றப்பட்டாய் என்பதற்காக, உன் பக்கம் கொடுக்க வேண்டியது தள்ளுபடி ஆகிவிடாது.

அந்தச் சகோதரரின் பயம், உண்மையைச் சொன்னால் உரிமை முழுவதும் போய்விடும் என்பது. மார்க்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய குறையோடு இருக்கும் பொருளில், வாங்கியவரிடம் வந்த பிறகு புதிதாக இன்னொரு குறை ஏற்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் அடிப்படை இதுதான்: கட்டாயமாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். விற்றவர் சம்மதித்தால் திருப்பலாம். அவர் சம்மதிக்காவிட்டால், பழைய குறையால் பொருளின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அதற்குரிய தொகையைக் கேட்டுப் பெறலாம். திரை கடைக்காரரின் கணக்கில், டீ இவருடைய கணக்கில். இரண்டையும் கலக்கக் கூடாது.

நான் அவரிடம் இதைச் சொன்னேன். கூடவே உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸையும் நினைவூட்டினேன். வழக்கைக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம். அதைக் கேட்டு நான் தீர்ப்பளித்து, அடுத்தவரின் உரிமை ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களின் தீர்ப்பாலேயே ஹலாலாகாத ஒன்று, சர்வீஸ் சென்டர் லெட்டரால் ஹலாலாகிவிடுமா?

அவர் போய்ச் சொன்னார். நடந்தது என்ன தெரியுமா? கவுண்டரில் இருந்த பையன், "தண்ணி பட்டா வாரண்டியே கிடையாது, எடுத்துட்டுப் போங்க" என்றான். அவர் திரும்பி வந்து, "உண்மை சொன்னதுக்கு இதுதான் ஹஜ்ரத் கிடைச்சது" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"விட்டுவிடாதீர்கள். முதலாளியிடம் பேசுங்கள். முதல் நாளே போன் செய்ததையும், பிறகு டீ கொட்டியதையும் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்" என்றேன். முதலாளி படித்துப் பார்த்து, அந்தக் கடிதத்தோடு செட்டை அனுப்பி வைத்தார். திரைக்குப் போகும் கேபிளில்தான் கோளாறு என்று தெரிந்தது. அதை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். கீபோர்டுக்கு இவர் பணம் கட்டினார். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை மகள் தோழியின் லேப்டாப்பில் படித்தாள்.

மவுனமாக இருந்திருந்தால் ஒருவேளை புதிய செட்டே கிடைத்திருக்கும். அதை நான் மறைக்க மாட்டேன். உண்மை பேசினால் துன்யாவில் எப்போதும் லாபம் என்று சொல்வது சரியல்ல. அவர் நஷ்டப்பட்டார். ஆனால் அந்த வீட்டில் மகள் படிக்கும் பாடத்தில் ஹராமின் பங்கு இல்லை. டீயைக் கொட்டிய பையனும், அத்தா பொய் சொல்லாமல் பணம் கட்டியதைப் பார்த்தான்.

வியாபாரிகளே! ஒருவர் தனக்கு எதிரான உண்மையைத் தானே வந்து சொன்னால், அந்த உண்மையைக் கொண்டே அவரை அடிக்காதீர்கள். அப்படிச் செய்தால், அடுத்த முறை பொய் சொல்ல நீங்களே அவருக்குக் கற்றுக் கொடுக்கிறீர்கள். வருந்தி வந்தவரிடமிருந்து விற்ற பொருளைத் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கு 'இகாலா' என்று பெயர். அப்படி ஏற்பவரின் தவறுகளை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூத், இப்னு மாஜா நூல்களில் இருக்கிறது. குறையே இல்லாத பொருளுக்கே இந்த நன்மை என்றால், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க ஏன் தயக்கம்?

வாங்குபவர்களே! குறையைக் கண்டதும் தாமதிக்காதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் உடனே தெரிவிப்பது அவசியம். ஹனஃபி மத்ஹபிலும், குறையை அறிந்த பிறகு திருப்தியோடு தொடர்ந்து பயன்படுத்தினால் உரிமை போய்விடும். ஆகவே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. உரிமையைக் கேட்பது ஸப்ருக்கு எதிரானது அல்ல. ஆனால் புகாரில் எழுதும் ஒவ்வொரு வரியும் மலக்குகளின் ஏட்டிலும் எழுதப்படுகிறது என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

அந்தக் கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றுவது முதலாளியின் பொறுப்பு. நம் நாவைக் காப்பது நம் பொறுப்பு. நாளை மறுமையில் இரண்டும் தனித்தனியாகவே கேட்கப்படும்.

கொடுப்பதிலும் வாங்குவதிலும் நேர்மையைக் கடைப்பிடிக்கவும், நமக்கே எதிராக இருந்தாலும் உண்மையைச் சொல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் சம்பாத்தியத்திலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.