பட்டாளத்துப் பையனின் பயமும் நம்ம பயமும்

துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருத்தன், நாவலில் வருகிற சின்ன வயசுச் சிப்பாயின் பயத்தைப் படித்துவிட்டு 'இது என் பயம்' என்று சொல்லலாமா? தருமபுரிப் பக்கத்துச் சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஷோபாசக்தியின் 'கொரில்லா'வைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி தீரவில்லை.

2001இல் வந்த நாவல் அது. எழுதியவர் இளவயதிலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு வெளியேறி, பிரான்சில் அகதியாக வாழ்கிறவர். நாவலில் ராக்கிராஜின் அப்பனை ஊரே 'கொரில்லா' என்கிறது. அந்த அடிதடி அப்பனிடமிருந்து தப்பத்தான் பையன் இயக்கத்துக்குப் போகிறான். அங்கே புதுப்பேர் வைக்கிறார்கள். ஆனாலும் அப்பன் பட்டப்பேர் அவனைத் துரத்திக்கொண்டே வருகிறது. ராணுவத்துக்கு அவன் எதிரி. நம்பிப் போன இயக்கத்துக்கோ அவன் சந்தேகத்துக்குரியவன். குண்டு படுமோ என்பது அவன் பயத்தில் ஒரு பங்குதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'நம்ம ஆளு' என்று சொல்ல யாருமில்லையே என்பதுதான் மீதி.

இந்த மீதி நமக்குப் புதுசா என்ன? பேரைக் கேட்டு, அப்பன் பேரைக் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு, அதற்கப்புறம் முகம் மாறுகிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

நம்ம பையன்கள் விடியக்காலையில் ரோட்டில் ஓடிப் பழகி, பட்டாளத்துக்கு ஆளெடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்பதற்குச் சம்பளம் ஒரு காரணம். உடுப்பு போட்டால் தெருப்பேர் போய்விடும் என்கிற ஆசை இன்னொரு காரணம். 1818இல் கோரேகானில் மகர் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்காகச் செத்தார்கள். 1890களில் அதே வெள்ளைக்காரன், 'போர்ச்சாதி' என்று வேறு சாதிகளைப் பொறுக்கியெடுத்து, மகர்களைச் சேர்ப்பதையே நிறுத்தினான். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அந்தக் கதவு திறக்கப் பல மனு போட்டு, 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் வந்தது. கொடுத்த உடுப்பை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்திலும் நாலு வருசத்துக்கு அப்புறம் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிலைப்பதில்லை. மற்றவன் பழைய தெருவுக்கே திரும்ப வேண்டியதுதான்.

பட்டாளத்தில் இருந்த எங்க சித்தப்பா மகன் ஒருதரம் சொன்னார்: "எல்லையில ராத்திரி டூட்டின்னா பக்கத்துல ஒருத்தன் நிப்பான் தம்பி. பயந்தா அவன்கிட்டச் சொல்லலாம். லீவுல வந்து ஊர்த்தெரு வழியா நடந்தா யாருகிட்டச் சொல்றது?" ராக்கிராஜின் தனிமை எனக்குப் புரிந்தது இந்தப் பேச்சின் வழியாகத்தான்.

இத்தோடு முடித்துக்கொண்டால் நம்ம வாதம் சுலபமாகிவிடும். ஆனால் சிப்பாய் கையில் துப்பாக்கி இருக்கிறதே! உடுப்புக்குள் இருக்கிறவன் பயமும், உடுப்புக்கு முன்னால் நிற்கிறவள் பயமும் ஒன்றா?

நம்ம மாவட்டத்து வாச்சாத்தி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க விடாது. 1992 ஜூன் 20இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலையாளிப் பழங்குடி மக்களின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 269 பேரில் ஒருத்தன், 'நானும் சின்னப்பையன், மேலதிகாரிக்குப் பயந்துதான் போனேன்' என்றால் என்ன சொல்வோம்? அவன் பயம் நிஜமாகவே இருக்கலாம். அதனால் அந்தப் பெண்களுக்கு நடந்தது குறைந்துவிடுமா?

முதல் உலகப் போரைப் பற்றி ரெமார்க் 1929இல் வெளியிட்ட நாவலில் பால் என்கிற ஜெர்மன் பையன் பள்ளத்தில் ஒளிந்திருக்கிறான். மேலே வந்து விழுந்த பிரெஞ்சுச் சிப்பாயைப் பயத்தில் குத்திவிடுகிறான். அவன் சாக நேரமாகிறது. பால் அவன் பக்கத்திலேயே கிடக்கிறான். செத்தவன் பர்சை எடுத்துப் பார்த்தால் பேர் இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை படம் இருக்கிறது, அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிகிறது. பயந்துபோய்க் குத்தினான் என்பதை எழுத்தாளர் மறைக்கவில்லை. அதைச் சொல்லிக் கொலையைக் கழுவவும் இல்லை.

பயத்தைப் புரிந்துகொள்வது வேறு, பயத்தைச் சாக்காக ஏற்பது வேறு. நல்ல கதை முதலாவதைச் செய்கிறது. அதனால் ராக்கிராஜின் பயத்தை என் பயம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவன் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களை மறக்காத வரைக்கும்.

நம்ம எழுத்தில் கோபம் நிறைய வந்திருக்கிறது, பசி வந்திருக்கிறது. ஆம்பளையின் பயம் அந்தளவுக்கு வரவில்லை. 'பயப்படாதே' என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய அண்ணன்மார்கள் எழுத வேண்டும். எதற்குப் பயந்தோம், யாரைப் பயமுறுத்தினோம் என்று இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எழுதினால் அது பாதிச் சாட்சியம்தான்.