காண்பதும் கணிப்பதும்

ஆசிரியப் பணிக்கு வருவோர் முதலில் கற்க வேண்டியது பேசுவதன்று, அமைந்திருந்து காண்பதே. மலேசியாவில் ஆசிரியர் பயிற்சி பெறுவோர், பாடம் நடத்தத் தொடங்குமுன்னரே பள்ளிக்குச் சென்று வகுப்பறையை உற்றுநோக்குகின்றனர். கையில் ஒரு குறிப்பேடு. வகுப்பின் பின்புறம் ஒரு நாற்காலி. எளிய வேலைபோலத் தோன்றும் இதனுள் அறம் சார்ந்த வினா ஒன்று பொதிந்துள்ளது. ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் கண்டவர், அக்குழந்தையைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

தமிழ்ப்பள்ளி ஒன்றின் மூன்றாம் ஆண்டு வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியை பலகையில் வாக்கியங்களை எழுதுகிறார். நான்காம் வரிசைச் சிறுவன் ஒருவன் பலகையை விட்டு, அடுத்தவன் ஏட்டையே எட்டிப் பார்க்கிறான். "கவனமற்றவன்; பார்த்தெழுதுபவன்" எனக் குறித்துக்கொள்கிறாள் பயிற்சி மாணவி. அடுத்த பாடவேளையில் அவளுடைய நாற்காலி பக்கச் சுவரோரம் இடம் மாறுகிறது. பின்னாலிருந்தபோது தெரிந்தவை பிடரிகள். இப்போது தெரிபவை முகங்கள். அச்சிறுவன் கண்களை இடுக்கிப் பலகையைப் பார்க்கிறான். முயன்று தோற்ற பின்னரே அடுத்தவன் ஏட்டின் பக்கம் திரும்புகிறான். அவனிடம் குறைந்திருந்தது கவனமன்று, பார்வை.

அப்படியாயின் முதற்குறிப்பு பொய்யா? கண்டது பொய்யன்று, கணித்ததே பிழை. 'எட்டிப் பார்த்தான்' என்பது காட்சி. 'பார்த்தெழுதுபவன்' என்பது தீர்ப்பு. காட்சியை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தீர்ப்போ ஆசிரியர் அறைக்கும் அடுத்த ஆண்டு வகுப்புக்கும் அக்குழந்தைக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிடும்.

மாணாக்கரைத் தரம் பிரித்தல் நம் மரபிலேயே உண்டே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுக்கிறது. தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமையாக்கி, கடைமாணாக்கருக்கு ஓட்டைக்குடமாகிய இல்லிக்குடத்தையும் உவமை காட்டுகிறது. வகைப்படுத்தாமல் கற்பித்தல் இயலாது. ஆயினும், குடத்தில் ஓட்டை எனச் சொல்லுமுன், ஊற்றிய நீர் குடத்தினுள் விழுந்ததா எனப் பார்க்க வேண்டாவா?

இனி, கண்டதை அவள் ஆசிரியையிடம் சொல்வது முறையா? விருந்தாக வந்தவர் வீட்டாரைக் குறைகூறுவது பண்பாகாது. ஆனால் அவள் வாய்மூடியிருந்தால் இழப்பு அச்சிறுவனுக்கே. அன்றியும், ஆசிரியை காணாதது அசட்டையால் அன்று. முப்பது குழந்தைகள், முடிக்க வேண்டிய பாடம், ஒலிக்கப்போகும் மணி ஆகியவற்றிடையே நிற்பவர் அவர். உற்றுநோக்க வந்தவளுக்கோ காண்பதற்கென்றே நேரம் வாய்த்துள்ளது. அந்த நேரம் அவளுக்குக் கிடைத்த உரிமையன்று. அவள் பட்ட கடன். "அந்தத் தம்பிக்குப் பலகை தெரிகிறதா, டீச்சர்?" எனத் தனியே பணிவாகக் கேட்டால் போதும். அதில் குற்றச்சாட்டு இல்லை. குழந்தைக்கு வழி மட்டும் உண்டு.

மறுநாள் அச்சிறுவன் முதல் வரிசைக்கு மாறலாம். கண் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லப்படலாம். குறிப்பேட்டில் எழுதிய இரு சொற்களை அடிப்பதற்குப் பயிற்சி மாணவிக்கு ஒரு நொடி போதும். அடிக்கப்படாமல் நின்றிருந்தால், அவற்றைச் சுமந்து திரிந்திருக்க வேண்டியவன் அவனே.