சமத்துவமும் சலுகையும்

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது இக்கால அரசியற் சிந்தனையின் அடிப்படைக் கோட்பாடு. ஆயினும், சமமாக நடத்துதல் என்பதன் பொருள் யாது என்ற வினா எழுமிடத்துக் கருத்து வேற்றுமை தோன்றுகின்றது. எல்லோருக்கும் ஒரே விதியை விதித்தலே சமத்துவம் என்பர் ஒரு சாரார். வேறுபட்ட நிலையினரை ஒரே கோலால் அளத்தல் அநீதிக்கே வழிவகுக்கும் என்பர் மறுசாரார். ஆதிக்குடிகளின் நிலவுரிமை இவ்விரு கருத்துக்களுக்கும் உரைகல்லாக அமைகின்றது. அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

இனப்பாரபட்சத்தின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1965இல் ஏற்றுக்கொண்டது. பின்தங்கிய இனக்குழுக்களின் முன்னேற்றங் கருதிய விசேட நடவடிக்கைகள் பாரபட்சமாகா என்பதும், நோக்கம் நிறைவேறியபின் அவை தொடரலாகா என்பதும் அதன் ஏற்பாடுகளாம். இவ்வுடன்படிக்கைக்குச் செயலுருவம் அளிக்க அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 1975இல் இனப்பாரபட்சச் சட்டத்தை இயற்றியது.

தென் அவுஸ்திரேலிய மாநிலம் 1981இல் பிற்ஜன்ஜற்ஜாரா மக்களின் மரபு நிலத்தை அவர்களிடமே ஒப்படைத்து, அனுமதியின்றிப் பிறர் அதனுட் புகுவதைத் தடைசெய்தது. இது இனவேறுபாடு காட்டும் சட்டமே. எனினும், விசேட நடவடிக்கை என்ற வகையிற் செல்லுபடியாகும் என 1985இல் உயர் நீதிமன்று தீர்த்தது. முடிவு அம்மக்களுக்குச் சாதகமானதே. ஆனால், அதன் அடிப்படை சிந்தித்தற்குரியது. விசேட நடவடிக்கை இயல்பிலேயே தற்காலிகமானது. நோய் தீர்ந்ததும் மருந்தை நிறுத்தலாம். தாயக நிலம் அத்தகைய மருந்தோ?

இவ்வினாவுக்கு வேறொரு வழக்கில் விடை தோன்றியது. ரொறஸ் நீரிணையிலுள்ள மேர் தீவின் எடி மாபோவும் வேறு நால்வரும் தம் நிலவுரிமையை நிலைநாட்ட 1982இல் வழக்குத் தொடுத்தனர். அது நிலுவையிலிருக்கையில், 1879இல் தீவுகள் குயீன்ஸ்லாந்துடன் இணைக்கப்பட்டபோதே பழைய உரிமைகள் யாவும் அற்றுப்போயின எனவும், அதற்கு நட்டஈடு இல்லை எனவும் அம்மாநிலம் 1985இல் சட்டமியற்றியது. 1988இல் உயர் நீதிமன்று, மூவர் மாறுபட நால்வரின் தீர்ப்பால், அச்சட்டம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானதென்று கூறியது. பிறரின் ஆதனம் காக்கப்பட, ஓரினத்தாரின் மரபுவழி ஆதனம் மட்டும் பறிக்கப்படுவது சமத்துவத்துக்கு மாறு என்பதே அதன் சாரம். 1992 ஜூன் 3ஆந் திகதி அதே நீதிமன்று மேர் மக்களின் உரிமையை ஏற்றது. மாபோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே காலமாகியிருந்தார்.

இரு தீர்ப்புக்களுக்குமிடையே பெரிய வேறுபாடுண்டு. முன்னையதில் நிலம் அரசு வழங்கும் உதவி. பின்னையதில் அரசு மதிக்கவேண்டிய உடைமை. வழங்குபவன் மீளப்பெறவும் கூடும். 2007இல் மத்திய அரசு வட ஆள்புலத்தில் ஆதிக்குடிகளின் குடியிருப்பு நிலங்களைக் கட்டாயக் குத்தகைக்கு எடுத்தது; அவர்கள் பெறும் அரச உதவிப்பணத்தின் செலவையும் கட்டுப்படுத்தியது. அவற்றை விசேட நடவடிக்கைகள் எனப் பெயரிட்டதோடு, இனப்பாரபட்சச் சட்டத்தின் பாதுகாப்பையும் இடைநிறுத்தியது. அளிப்பதற்கென அமைந்த சொல் பறிப்பதற்கும் பயன்பட்டது.

பிறப்பு அடிப்படையில் உரிமை வகுப்பது குடிமக்களைப் பிளவுபடுத்தும் என்ற ஆட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதிய சர்வஜன வாக்கெடுப்பில், ஆதிக்குடிகளுக்கான ஆலோசனைச் சபையை அரசியலமைப்பிற் சேர்க்கும் யோசனை ஏறத்தாழ அறுபது வீத வாக்குகளால் நிராகரிக்கப்பட்டமைக்கு இவ்வாதமும் துணைநின்றது. இனப் பிரிவினை ஆளுவோர் கையிற் கருவியாகும் என்பதற்கு 2007ஆம் ஆண்டே சான்று. ஆயின், மேர் மக்களின் நிலவுரிமை குருதியிலிருந்து பிறந்ததன்று. இணைப்புக்கு முன்பே அங்கு நிலவிய வழமையிலும் ஆட்சியிலுமிருந்து பிறந்தது. தந்தையின் வயலை மகன் பெறுவதை எவரும் இனச்சலுகை எனக் கூறுவதில்லை.

ஆதலின், பொதுக் கொள்கை வகுப்போர் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். கல்வி, சுகாதாரம் முதலியவற்றில் நேர்ந்த குறையை நீக்கும் உதவிகள் குறை தீரும்வரை நிலைப்பன. நிலமும் வழமையும் அத்தகையன அல்ல. வறுமை நீங்கிய பின்னரும் அவை அம்மக்களுடையனவே. உரிமையைச் சலுகையென அழைக்கும் அரசு, பாரபட்சத்தை ஒழிக்கவில்லை, அதனை ஒத்திவைக்கின்றது.