பெட்டிக்குள் அடங்காத முடிவு

விளையாட்டில் செய்யும் கொடுமை கொடுமையாகுமா? "விளையாட்டுத்தானே" என்று சொல்லி நாம் எளிதில் கடந்துபோகும் இக்கேள்வியை, அமெரிக்க மண்ணில் தோன்றிய ஓர் ஆட்டம் அரை நூற்றாண்டாக அதை ஆடுவோர்முன் வைத்துக்கொண்டே இருக்கிறது.

அதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இவ்வாட்டம், 1974ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதற்பதிப்பில் 1000 பெட்டிகளே செய்யப்பட்டன. இதில் ஒருவரை ஒருவர் வெல்லும் போட்டி இல்லை. ஒருவர் கதையை நடத்துகிறார்: "குகைவாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே பேச்சொலி கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" மற்றவர்கள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ தாம் ஏற்ற பாத்திரத்தில் நின்று விடை சொல்கிறார்கள். செய்வது பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பளிக்கிறது.

புதியவர்களுக்கு இதைக் கற்பிக்கவே தொடக்கநிலைப் பெட்டிகள் பிறந்தன. 1977இல் வெளியான முதற்பெட்டியைத் தொகுத்தவர் ஜே. எரிக் ஹோம்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெட்டியெடுத்துக் குலுக்கிப் பொறுக்க வேண்டிய எண்ணட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். 2014ஆம் ஆண்டுப் பெட்டியைத் திறந்தால் 32 பக்க விதிநூல், 64 பக்கச் சாகசக் கதை, முன்கூட்டியே எழுதி முடித்த ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள் ஆகியவை கிடைக்கின்றன. ஊரும் வழியும் பகைவனும் புதையலும் ஆயத்தமாக உள்ளன. நடத்துபவர் உரக்க வாசிக்க வேண்டிய வாக்கியங்கள்கூட அச்சிடப்பட்டுள்ளன.

1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோரும் போதகர்களும் பலர் இவ்வாட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். இது பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சினர். 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் பேய்களையும் அலகைகளையும் பதிப்பகத்தாரே நீக்கினார்கள். பிள்ளைகளின் ஆன்மாவைப் பற்றிய கவலை இகழத்தக்கதன்று. ஆயினும் அந்தக் கவலை தவறான இடத்தில் விரல் வைத்தது என்றே எண்ணத் தோன்றுகிறது. கதையில் பகைவனாக வரும் பேயை யாரும் வணங்குவதில்லை. பாடுகளின் நாடகத்தில் யூதாசாக நடிப்பவர் துரோகியாகிவிடுவதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறோரிடத்தில் இருந்தது.

1979இல் தொடக்கநிலைப் பெட்டியில் சேர்க்கப்பட்ட கதை, கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. எல்லைப்புறக் கோட்டை ஒன்றிலிருந்து வீரர்கள் புறப்பட்டு, காப்ளின் முதலிய அரக்க இனங்கள் வாழும் குகைகளைத் தேடிச் செல்கிறார்கள். ஒவ்வொரு குகையிலும் எத்தனை பேர், என்ன ஆயுதம், எவ்வளவு பொன் என்றெல்லாம் நூல் கணக்குச் சொல்கிறது. அக்கணக்கில் பெண்களும் உண்டு. போரிடாத குட்டிகளும் உண்டு. வாளேந்திய வீரன் அவர்கள்முன் நிற்கிறான். இனி என்ன செய்ய வேண்டும் என்பதை நூல் கட்டளையிடுவதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவர்களே முடிவு செய்ய வேண்டும்.

அவ்விடத்தில் இரண்டு சாக்குகள் எழுவது இயல்பு. முதலாவது, "இது வெறும் கற்பனை" என்பது. 1983இல் ஃபிராங்க் மென்ட்ஸர் தொகுத்த சிவப்புப் பெட்டியில், தனியே வாசித்து ஆடும் கதையொன்று உண்டு. அதில் அலீனா என்னும் சமயப் பணிப்பெண் நமக்குத் துணையாகிறாள், காயத்தை ஆற்றுகிறாள், பின் பார்கில் என்னும் மந்திரவாதியால் கொல்லப்படுகிறாள். சிறுவயதில் அதைப் படித்த பலர் நடுத்தர வயதிலும் அவளை வருத்தத்தோடு நினைவுகூர்கின்றனர். இல்லாத ஒருத்திக்காக உள்ளம் நோகுமானால், கற்பனையின்போது உள்ளம் வெளியே நிற்கவில்லை என்பது தெளிவன்றோ?

அப்படியானால் மேசைமீது நிகழும் ஒவ்வொரு கொலையும் பாவமா? இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டும் ஒரு வேறுபாடு நமக்கு உதவுகிறது. ஒரு தீச்செயலைப் பற்றி எண்ணுபவன், எண்ணுதலில் இன்பம் காணலாம். அல்லது எண்ணப்படும் அச்செயலிலேயே இன்பம் காணலாம். முன்னது அறிவின் இன்பம், அதில் தீங்கில்லாதிருக்கலாம். பின்னதில் மனம் அச்செயலுக்கே இசைந்துவிடுகிறது. கொடியவன் ஒருவனின் பாத்திரத்தை ஏற்று அவன் எவ்வாறு கொடியவனானான் என்று ஆராய்பவனும், எளியவனை வதைப்பதாகச் சொல்லிச் சொல்லிச் சுவைப்பவனும், ஒரே சொற்களைப் பேசினாலும் ஒன்றல்லர். கேட்க வேண்டியது, "எதில் மகிழ்ந்தாய்?" என்பதே.

இரண்டாவது சாக்கு இன்னும் ஆபத்தானது: "அவர்கள் தீயவர்கள் என்று நூலிலேயே எழுதியிருக்கிறது." உண்மைதான், ஒவ்வோர் இனத்துக்கும் அதன் அறச்சார்பு ஒரே சொல்லில் குறிக்கப்பட்டிருந்தது. பெயருக்கு அருகே ஒரு சொல். அத்துடன் விசாரணை முடிந்தது. விளையாட்டுக்கு இது வசதி. ஆனால் வாழ்விலும் மனிதர்கள் இவ்வாறே பெட்டிகளில் அடைக்கப்பட்டு நம் கைக்கு வருகிறார்கள். இன்ன ஊரார், இன்ன குலத்தார், இன்ன மொழியார் என்றால் இப்படித்தான் என்று பிறர் எழுதிவைத்த குறிப்பை, முகத்தைப் பாராமலே நாம் ஏற்றுக்கொள்கிறோம். கற்பனைக் குகையில் செய்த கொலை ஆட்டத்தோடு முடிந்துவிடலாம்; கேள்வி கேளாமல் முத்திரையை நம்பும் பழக்கம் ஆட்டத்தோடு முடிவதில்லை.

இதை அவ்வாட்டத்தாரும் உணரத் தொடங்கியுள்ளனர். 2014ஆம் ஆண்டுப் பெட்டிக் கதையில், காப்ளின் கூட்டத்தின் துணைத்தலைவன் வீரர்களோடு பேரம் பேச முன்வருகிறான். வாளை உறையிலிட்டுப் பேச வழியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் பதிப்பகத்தாரும், அரக்க இனங்களையும் பிற மக்களைப்போல அறச்சிக்கல் உடையவர்களாகச் சித்தரிக்கப்போவதாக அறிவித்தனர்.

எனினும், நூலைத் திருத்துவதால் மட்டும் இது தீராது. வீரர்களுள் ஒருவன், "குட்டிகளை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் கணத்தில் அச்சிட்ட வாக்கியங்கள் முடிந்துவிடுகின்றன. நடத்துபவர் தம் உள்ளத்திலிருந்து விடை சொல்ல வேண்டும். காட்டிய இரக்கத்துக்கெல்லாம் முதுகில் கத்தியே பரிசு என்று அவர் கதையை நகர்த்தினால், இரக்கம் மடமை என்ற பாடத்தை நான்கு சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள். தப்பிய குட்டி ஒன்று பின்னொரு நாள் வழிகாட்ட வருமானால், வேறொரு பாடம் கற்பார்கள். எப்போதும் நன்றே விளையும் என்று காட்டுவதும் பொய்யாகும். ஆகவே நடத்துபவர் ஏற்கும் பொறுப்பு, கதை சொல்லும் தாய்தந்தையரின் பொறுப்பைப் போன்றதே.

விளையாட்டே வேண்டாம் என்பது புனித தாமஸின் கருத்தன்று. நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடக் கண்டு சிலர் முகம் சுளித்ததாகவும், வில்லை ஓயாமல் வளைத்தால் முறிந்துவிடும் என்பதைக் காட்டி அவர் விடையளித்ததாகவும் வழங்கும் கதையை அவர் எடுத்துரைக்கிறார். அளவோடு விளையாடுவது ஒரு நற்பண்பு என்கிறார். தீங்கான சொல்லிலும் செயலிலும் இன்பம் தேடாமை, மனத்தின் சமநிலையை முற்றும் இழவாமை, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த ஆடுதல் ஆகிய மூன்றையும் வரம்புகளாக வைக்கிறார்.

ஆகவே, பிள்ளை இத்தகைய பெட்டியைக் கேட்டால் அதன் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வாங்கித் தந்துவிட்டு அகன்றுவிடவும் வேண்டாம். ஆட்டம் முடிந்த இரவில் அருகில் அமர்ந்து, "எத்தனை பேரை வென்றாய்?" என்பதற்கு முன், "சண்டைக்கு வராதவர்களை என்ன செய்தாய்? ஏன்?" என்று கேட்போம். பெட்டிக்குள் எல்லாம் இருந்தன. அந்த விடை மட்டும் இல்லை. அதைப் பிள்ளையே தன் நெஞ்சிலிருந்து எடுத்திருப்பான்.