இட்ட கையே எடுக்கும் உயிர்

அமெரிக்காவில் வாழும் நம் பழைய மாணவி ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். அவள் மகன் கார்ன் ஸ்நேக் என்னும் நஞ்சற்ற பாம்பொன்றை வளர்க்கிறான். அதற்கு இரையாகச் சுண்டெலிகளை வீட்டிலேயே பெருக்க விரும்புகிறான். இது தகுமா என்பது அவள் வினா.

அந்நாட்டில் இவ்வழக்கம் புதிதன்று. சுண்டெலி கருவுற்ற 20 நாள் அளவில் ஈனும். குட்டிகள் 2 மாதத்திற்குள் தாமும் ஈனும் பருவம் எய்தும். மயிர் முளைக்காத குட்டி இளம்பாம்பிற்கு. வளர்ந்த எலி பெரிய பாம்பிற்கு. பலர் கரியமிலவாயுவால் கொன்று, உறையவைத்து இடுவர். உயிருடன் இட்டால் எலி பாம்பைக் கடித்துவிடுமாம்! கவலையெல்லாம் பாம்பைப் பற்றியதே.

பாம்பின்மேல் குற்றமில்லை, ஊனன்றி அதற்கு உணவில்லை. காட்டில் அது எலியைப் பிடித்தால் நமக்கு அதில் பங்குமில்லை. ஆனால் அடைத்து வைத்தபின் பட்டினி போடலாமோ? உயிர்களுக்கு உணவும் நீரும் மறுத்தலை அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. கட்டி வைத்தலும் அவ்வைந்தனுள் ஒன்றே. எனவே இட்டாலும் பழி, இடாவிடினும் பழி. இம்முடிச்சு எலிப்பெட்டி வாங்கும்போது விழுவதன்று. பாம்பைக் கூண்டில் அடைத்த அன்றே விழுந்தது.

கடையில் வாங்கினால் கொலையைச் செய்வித்தவராவோம். வீட்டில் வளர்ப்பதோ அதனினும் கொடிது. நாள்தோறும் தானியமிட்ட கையை நம்பி ஓடிவரும் உயிரை அக்கையே எடுக்க வேண்டும்.

இருக்கும் பாம்பை என் செய்வது? அது 20 ஆண்டுகள் வாழக்கூடும். மாசற்ற விடை நம்மிடம் இல்லை. எலிப்பெட்டி வேண்டா, இன்னொரு பாம்பும் வேண்டா என்றே எழுதினோம். பிள்ளையைக் கடிந்துகொள்ளாதே என்றும் சேர்த்தோம். பாம்பென்றால் தடியெடுக்கும் உலகில் அதனை நேசிக்கக் கற்றவன் அவன்.