தெக்குமெல்லைப் படைத்தவர்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டைகளில்தான் நடக்கும். 1975-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ அப்படியல்ல. அதன் உலகமான தெக்குமெல்லின் வானத்தில் நட்சத்திரங்கள் இல்லை, இரும்பு அரிது. குலம், கோவில், பட்டம், யாரை எந்தச் சொல்லால் விளிப்பது என்ற கணக்கு. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று தடுமாறி வளர்ந்த நமக்கு அது அந்நிய ஊரே அல்ல. அங்குள்ள கடவுளரும் நன்மை, தீமை என்று பிரியவில்லை. நிலைப்பு, மாற்றம் என்று பிரிந்தார்கள்.

படைத்தவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர், உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர், இஸ்லாத்தைத் தழுவியவர். 2012-இல் இறந்தார். 1991-இல் புனைபெயரில் வந்த ‘சர்ப்பன்ட்ஸ் வாக்’ என்ற நாஜி ஆதரவு நாவல் அவர் எழுதியதுதான் என்று 2022-இல் அவருடைய படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது.

இப்போது பலர் பழைய நூல்களைப் புரட்டி, அடிமை முறையையும் கழுமரத்தையும் காட்டி, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அதே பக்கங்களைத்தான் முன்பு ‘தீர்ப்புச் சொல்லாத பெருந்தன்மை’ என்று கொண்டாடினோம்.

என்னை உறுத்துவது வேறு. நம் மொழியைக் கற்ற வெளிநாட்டவர் என்றாலே நாம் உருகிவிடுகிறோம். மொழி தெரிந்தவர் மனிதரையும் மதிப்பார் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு. பார்க்கர் ஒரு மொழியின் இலக்கணத்தை நேசித்தார். மனிதரை இரத்தத்தால் தரம் பிரிக்கும் கருத்தும் அதே மண்டைக்குள் சௌகரியமாகக் குடியிருந்தது.

லான்மடாவில் இருந்து எழுதும் எனக்கு அது வெறும் கருத்தல்ல. இந்த நாட்டின் 1982 குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே உன் இனம் இங்கே குடியிருந்ததா என்று கேட்கிறது. அட்டைக்கு மூன்று நிறம்: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. தமிழர் வீடுகளில் இந்த நிறங்களைக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனாலும் தெக்குமெல்லைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நாவலை ஒருவர் எழுதி முடிக்கிறார். இந்த விளையாட்டில் மேசையில் உட்கார்ந்தவர்கள்தான் ஊரில் ஆளை நிரப்பினார்கள். அந்தப் பங்கு அவர்களுடையது. ஆனால் புதிதாக ஒருவர் ஆட வந்தால், பகடையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அந்த இன்னொரு நாவலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு அவர் எழுந்து போனால், உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.